இரண்டு பக்கமும் எழுதிய போத்தல்

அன்று பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு என் அக்காவின் ஏழு மாத மகனுக்கு நான் சாராயம் கொடுத்தேன். நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பால் கொடுக்கும் நேரங்களை எழுதுவதற்காக பிரிட்ஜ் கதவில் நான் ஒட்டியிருந்த தாளில், வியாழக்கிழமைக்குரிய கட்டத்தில், என் கையெழுத்திலேயே அது இருக்கிறது: 1.50, 120 மில்லி. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அது 1994, ஜூலை. ஓக்லாந்தின் அணைகள் வற்றிக்கொண்டிருந்த வருடம். மவுண்ட் ரோஸ்கில்லில் மூன்று அறைகள் கொண்ட ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்கா, அத்தான், குழந்தை, நான். மூன்றாவது அறையில் ஒரு யப்பானியப் பெண். அத்தான் விடிய முன்னரே வீட்டின் ஒரே காரை எடுத்துக்கொண்டு புக்கெகோஹியில் வெங்காயமும் கரட்டும் பொதி செய்யப் போய்விடுவார். அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் மூன்று மணி வரை வேலை. நான் பால்மா பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் நிரந்தர வதிவிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. எட்டு மாதமாகக் கடிதத்துக்குக் காத்திருந்தோம்.

ஆய்வுகூடத்தில் முதல் நாளே இரண்டு விடயங்களைப் பழக்கிவிடுவார்கள். பெயர் ஒட்டாத குடுவையை யோசிக்காமல் கொட்டு. பெயர் ஒட்டிய குடுவைகளில் பழையதை முதலில் எடு. நான் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழந்தையின் மருந்து எல்லாவற்றிலும் வெள்ளை மாஸ்கிங் டேப்பும் என் எழுத்தும் இருக்கும். அக்கா சிரிப்பாள். "என்ரை நெத்தியிலும் ஒண்டை ஒட்டிவிடடி. இவர் வேலையாலை வந்து ஆரெண்டு கேக்கிறார்."

தண்ணீர் விடயத்தில் மட்டும் அவள் என்னைவிடக் கடுமையானவள். குழாய்த் தண்ணீரை இந்த ஊரில் எல்லோரும் அப்படியே குடிப்பார்கள். நாங்கள் குடிப்பதில்லை. அணைகள் வற்றத் தொடங்கி, வைக்காட்டோ ஆற்றுத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரப் போகிறார்களாம் என்ற கதையும் கிளம்பியபின் அவள் பெரிய பானையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொதிக்க வைத்தாள். ஆறியதும் பழச்சாறு வாங்கிய ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி பிரிட்ஜ் கதவில் வரிசையாக வைப்போம். டேப்பில் நான் எழுதுவேன்: கொதித்து ஆறியது, செவ்வாய். கொதித்து ஆறியது, வியாழன். குழந்தையின் பாலும் அந்தத் தண்ணீரில்தான். அரைவாசி போத்தல் தண்ணீர், அரைவாசி கேத்தல் சுடுதண்ணீர். உடனே குடிக்கும் சூடு வந்துவிடும்.

யப்பானியப் பெண் ஆங்கிலம் படிக்க வந்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், இருபத்திரண்டு. நான் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என் அக்காவை அக்கா என்றே கூப்பிட்டாள். அது பெயர் என்று நினைத்தாளோ என்னவோ, அக்கா திருத்தவில்லை. அக்கா அவளைப் பற்றி எங்களிடம் பேசும்போது "யப்பான் பிள்ளை" என்பாள்.

அவளுடைய குடும்பம் யப்பானின் தெற்கில், எரிமலை ஒன்றுக்கு எதிரே, வற்றாளங்கிழங்கில் சாராயம் வடிக்கிறது. இந்தியத் தமிழர்கள் சர்க்கரைவள்ளி என்பதும் இங்கே குமரா என்பதும் அந்தக் கிழங்குதான். ஷோச்சு என்று அதற்குப் பெயர். தொழிற்சாலை என்று சொல்ல முடியாது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை என்றாள். இலையுதிர்காலத்தில் மட்டும் வேலை. அயல் பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து, சிறிய கத்தியால் ஒவ்வொரு கிழங்கின் இரண்டு நுனிகளையும் கறுத்த இடங்களையும் வெட்டி எறிவார்கள். ஒரு கிழங்கு அழுகியிருந்தாலும் கசப்பு கடைசிவரை வந்துவிடுமாம். பிறகு அவித்து, பூஞ்சணம் பிடிக்கவைத்த அரிசியோடு சேர்த்து, கழுத்துவரை மண்ணில் புதைத்த சாடிகளில் புளிக்க விடுவார்கள். அந்த மாதங்களில் எரிமலைச் சாம்பல் விழுமென்று துணிகளைக் கொட்டகைக்குள் காயப் போடுவதால் அவளுடைய பள்ளிச் சீருடையே கிழங்கு மணக்கும். வகுப்பில் அவளைக் கிழங்கு என்றுதான் கூப்பிடுவார்களாம்.

நான் வடிக்கும் வெப்பநிலை என்ன, முதலில் வருவதை எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்றெல்லாம் கேட்பேன். "எனக்குத் தெரியாது. அப்பாவின்ரை மூக்குக்குத்தான் தெரியும்" என்பாள். நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலை அவள் சமையலறைக்கு வந்து, தன் அப்பா சனிக்கிழமை ஓக்லாந்துக்கு வருகிறார் என்றாள். முதல்முறையாக நாட்டைவிட்டு வெளியே வருகிறார். பயமாக இருக்கிறது என்றாள்.

"ஏன் பயம்?"

"படிப்பை விட்டிட்டு வந்து கொட்டகையைப் பார் எண்டு சொல்லப் போறார். அதுக்குத்தான் வாறார். நல்லாக் கவனிச்சனுப்பினா கொஞ்சம் இளகுவார்."

கவனிப்பதென்றால் என்னவென்றும் சொன்னாள். அவர்கள் வீட்டில் விருந்தினர் வருவதற்கு மூன்று நாள் முன்பே ஷோச்சுவில் தண்ணீர் கலந்து குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். வந்த பிறகு கலந்தால் அவமரியாதை. மூன்று நாள் கிடந்தால்தான் தண்ணீரும் சாராயமும் ஒன்றோடொன்று பழகுமாம். பிறகு கறுப்பு மண் கெண்டியில் மெதுவாகச் சூடாக்கி ஊற்ற வேண்டும். "புதன்கிழமை கலந்து பிரிட்ஜிலை வைக்கிறன். சரிதானே? ஒரு போத்தல் எடுக்கலாமோ?"

"ஓம், எடும்" என்றேன். நான் அப்போது அடுத்த கிழமைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். பருப்பு, சவர்க்காரம், குழந்தைக்கு நப்பி. அவள் சொன்னதை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

புதன்கிழமை எனக்குத் தடிமன் பிடித்தது. வியாழக்கிழமை லீவு போட்டேன். நான் வீட்டில் நிற்பதால், வழக்கமாகக் குழந்தையை வைத்திருக்கும் பெண்ணிடம் விடவேண்டியதில்லை என்று அக்கா என்னிடம் விட்டுப் போனாள். மூக்கு இரண்டும் முழுக்க அடைத்திருந்தன. காலையில் குடித்தது கோப்பியா தேநீரா என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று நாற்பதுக்குக் குழந்தை எழுந்து அழுதான். பிரிட்ஜைத் திறந்தேன். கதவில் மூன்று போத்தல்கள். பழையதை முதலில் எடுக்கவேண்டும். கொதித்து ஆறியது, செவ்வாய். எடுத்தேன். முதல் நாள் அந்தப் போத்தலில் அரைவாசிதான் இருந்தது, இன்று நிரம்பி இருந்தது. கண் அதைப் பார்த்தது, நான் பார்க்கவில்லை. அறுபது மில்லி ஊற்றி, கேத்தலில் இருந்து அறுபது சேர்த்து, நான்கு கரண்டி பால்மா போட்டுக் குலுக்கினேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். சரியான சூடு.

அவன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான். சூப்பியை நாக்கால் வெளியே தள்ளினான். பல் முளைக்கும் காலம் என்று நினைத்தேன். நான் தடிமனோடு இருப்பதால் என்னிடம் குடிக்க மனமில்லை என்றும் நினைத்தேன். "குடிச்சிட்டா சித்தி வெளியிலை கொண்டுபோவன், என்ரை ராசா" என்று சொல்லி மறுபடி வைத்தேன். அவன் தலையைத் திருப்பினான். நான் தலையோடு போத்தலையும் திருப்பினேன். அவன் நான்கு தடவை வேண்டாம் என்றான். நான்கு தடவையும் நான் கேட்கவில்லை.

ஏறக்குறையப் பாதி குடித்தபின் திடீரென்று அமைதியானான். நல்ல பிள்ளை என்றேன். பிறகு கன்னங்களைப் பார்த்தேன். இரண்டும் செக்கச் சிவந்திருந்தன, காதுகளும் கூட. நெற்றியில் கை வைத்தேன், காய்ச்சல் இல்லை. அவன் கையைத் தூக்கி விட்டேன். கை தொப்பென்று விழுந்தது.

பால் போத்தலில் இருந்து ஒரு வாய் நானே குடித்தேன். மணம் தெரியவில்லை. பாலின் இனிப்புத் தெரிந்தது. அதற்குப் பின்னால் தொண்டையில் ஒரு எரிவு, மெல்லிய கோடு இழுத்ததைப் போல, கீழே வரை போனது.

குழந்தையைத் தோளில் போட்டபடி பிரிட்ஜுக்குப் போய் செவ்வாய்ப் போத்தலைத் தூக்கினேன். என் டேப் முன்னால் இருந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரு சிறிய நீலத் தாள், அழகாக வெட்டி ஒட்டியது. அதில் யப்பானிய எழுத்துகள் நான்கு வரி. என்னைப்போலவே ஒருத்தி, எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டுகிறவள், தன் பக்கத்தில் தன் மொழியில் ஒழுங்காக எழுதியிருந்தாள். திங்கட்கிழமை அவள் சொன்னது முழுவதும், சொல்லுக்குச் சொல், அப்போதுதான் என் காதில் விழுந்தது.

தொலைபேசி கூடத்தில் இருந்தது. கையில் எடுத்தேன். அவசர உதவிக்கு மூன்று முறை ஒன்றை அழுத்தினால் போதும். ஒரு ஒன்றை அழுத்திவிட்டு நின்றேன்.

ஏன் நின்றேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில், கோயில் பூசையில், பிறந்தநாள் வீட்டில், எப்போதும் ஒரு கதை உலவும். யாரோ ஒரு குடும்பம், பிள்ளை கட்டிலால் விழுந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்தே அரசாங்க வெல்ஃபேர்க்காரர் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குடும்பத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். ஏழு மாதக் குழந்தையின் வாயில் மது. வதிவிட விண்ணப்பம் இன்னும் அதிகாரிகளின் மேசையில் இருக்கும் ஒரு குடும்பம். தொலைபேசியில் என்ன வசனம் சொல்வது என்று நான் ஆங்கிலத்தில் அடுக்கிப் பார்த்தேன். எந்த வசனமும் எங்களை நல்லவர்களாகக் காட்டவில்லை.

அப்படி நின்றது மூன்று நிமிடம். கூடத்து மணிக்கூடு எதிரே இருந்தது. அந்த மூன்று நிமிடமும் அவன் என் தோளில் ஈரச் சீலைபோல் கிடந்தான்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. யப்பானியப் பெண் வகுப்பு முடிந்து வந்துவிட்டாள். அவளிடம் ஒரு பழைய சிறிய வெள்ளைக் கார் இருந்தது. கதவைத் திறந்தவள் என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். அவள் தோள்பையை நின்ற இடத்திலேயே போட்டாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"பாதி. பால்ப் போத்தலிலை பாதி."

"வா" என்றாள். அவ்வளவுதான்.

காரில் குழந்தை இருக்கை இல்லை. மடியில் வைத்துக்கொண்டேன். அதுவும் குற்றம் என்று மனதில் ஒரு வரி சேர்ந்தது. அவன் தூங்கிவிடக் கூடாது என்று பாதத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். சுண்டும்போது கண்ணைத் திறந்து, என்னைத் தெரியாததுபோல் பார்த்து, மூடினான். மூச்சை எண்ணினேன். அவன் வாயில் சாராய மணம் வருகிறதா என்று முகர்ந்தேன். மூக்கு எதையும் தரவில்லை. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாததால், பையில் இருந்த சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். எழுதாமல் இருந்தால் கத்தியிருப்பேன்.

"உங்கடை ஷோச்சு எத்தனை வீதம்?"

"இருபத்தைஞ்சு."

"எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு?"

"அரைவாசிக்கு அரைவாசி. உங்கடை தண்ணியிலைதான் கலந்தன். கொதிச்ச தண்ணி நல்ல தண்ணி எண்டு நினைச்சன்." அவள் அழவில்லை, ஆனால் இரண்டு கைகளும் சுக்கானில் வெளுத்திருந்தன. சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னாள்: "நான் குடுத்ததெண்டு சொல்லு. நான் மாணவி. என்னைத் திருப்பி அனுப்புவினம், அவ்வளவுதான். பிள்ளையை எடுக்க மாட்டினம்."

அவளுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. அக்காதான் சொல்லியிருப்பாள்.

கணக்குப் போட்டேன். போத்தலில் பன்னிரண்டரை வீதம். பாலில் அதில் பாதி. அவன் குடித்தது அதிகபட்சம் ஐம்பத்தைந்து மில்லி. தனி மதுசாரமாக மூன்றரை மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஒரு தேக்கரண்டி கூட இல்லை. மனம் அந்த வரியில் போய் ஒட்டிக்கொண்டது, ஒரு தேக்கரண்டி கூட இல்லை. பிறகு நிறையால் வகுத்தேன். அவன் ஏழு கிலோ இருநூறு கிராம். என் அளவுள்ள ஒருத்தி அரைக் கிளாஸ் ஷோச்சுவை ஒரே மூச்சில் குடித்ததற்குச் சமம். அவன் ஈரல் ஏழு மாதத்து ஈரல். அதற்குமேல் கணக்கு எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நேர்ஸ் மேசையில் இருந்தாள். "என்ன நடந்தது?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. எனக்குப் பின்னால் யப்பானியப் பெண் மூச்சு எடுத்தது கேட்டது, சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. எனக்குள்ளும் ஒரு வசனம் தயாராக இருந்தது. தெரியவில்லை, திடீரென்று சோர்ந்துவிட்டான். மூன்று சொல். யாரும் எதையும் எழுதமாட்டார்கள்.

ஆனால் தெரியாது என்று சொன்னால் அவர்கள் காய்ச்சலைத் தேடுவார்கள், தொற்றைத் தேடுவார்கள். மாதிரியோடு பொய்த் தகவல் வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தொழிலால் தெரியும். நாள் முழுக்கப் பிழையான இடத்தில் தேடுவோம்.

"நான் பால் கரைத்தேன்" என்றேன். "மது கலந்த தண்ணீரில் கரைத்துவிட்டேன். தெரியாமல். ஒன்று ஐம்பதுக்கு." தாளைக் கொடுத்தேன். போத்தலையும் மேசையில் வைத்தேன்.

நேர்ஸ் தாளைப் படித்தாள். ஒரு பக்கத்தில் பருப்பு, சவர்க்காரம், நப்பி. மறுபக்கத்தில் மில்லியும் வீதமும் நிறையும். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்காமலே எழுந்து குழந்தையை என் கையிலிருந்து எடுத்தாள். அவன் போன கதவு இருபக்கமும் ஆடி நின்றது. என் தோளில் அவன் தலை இருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

டொக்டர் வெளியே வரப் பதினைந்து நிமிடம் ஆனது. இளம் பெண். குதிகாலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள் என்றாள். சர்க்கரை குறைந்திருந்தது, இன்னும் குறையும் என்றாள். மது சின்னக் குழந்தைகளில் முதலில் அதைத்தான் செய்யும், காய்ச்சல் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுகிறோம், நாளைக் காலைவரை ஒரு மணிக்கு ஒரு தடவை பார்ப்போம். "பிழைத்துவிடுவானா?" என்று கேட்டேன். அவள் ஆம் என்று சொல்லவில்லை. "இப்போது சரியான இடத்தில் இருக்கிறான்" என்றாள். அந்தப் பதிலை நான் அன்று முழுவதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

அக்கா வேலை உடுப்போடு, தலையில் வலைத்தொப்பியோடு வந்தாள். நான்தான் வேலைத்தலத்துக்கு அழைத்துச் சொல்லியிருந்தேன். குழந்தையின் சின்னக் கையில் பலகைத் துண்டு வைத்துக் கட்டி ஊசி ஏற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினாள். என்னிடம் வரவில்லை. நேரே யப்பானியப் பெண்ணிடம் போனாள். தமிழில்தான் கத்தினாள்.

"பிள்ளை இருக்கிற வீட்டிலை சாராயத்தைக் கொண்டந்து தண்ணிப் போத்தலுக்கை ஊத்தி வைப்பியோ? உனக்கென்ன விசரோ? என்ரை வீட்டிலை இனி நிக்கக் கூடாது. இண்டைக்கே வெளிக்கிடு!"

ஒரு சொல்லும் விளங்காமலே அவள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள். இடுப்புவரை குனிந்து அப்படியே நின்றாள். நிமிரவில்லை. நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றேன். "அவள் எனக்குச் சொன்னவள்."

"என்ன சொன்னவள்?"

"திங்கக்கிழமையே சொன்னவள். கலந்து பிரிட்ஜிலை வைக்கப்போறன், போத்தல் எடுக்கட்டோ எண்டு. நான்தான் ஓம் எண்டனான். கேக்காமல் ஓம் எண்டனான்."

அக்கா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்ரை பேப்பர் எல்லாத்திலையும் எல்லாம் எழுதுவாய்" என்றாள், மிக மெதுவாக. "இதை எழுதேல்லையோ?"

"இல்லை."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு, இன்னும் குனிந்து நின்றவளைக் காட்டி, "அதை நிமிரச் சொல்லு. எனக்கு அதைப் பாக்கவே முதுகு நோகுது" என்றாள்.

ஐந்து மணிக்கு ஒரு பெண் கோப்போடு வந்தாள். கழுத்தில் அட்டை. ஆஸ்பத்திரியின் சமூக சேவகி. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மறுநாள் வரை நகத் தடம் இருந்தது. வீட்டில் யார் யார், யார் குழந்தையைப் பார்ப்பது, யார் குடிப்பது என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா எழுந்து நின்று தன் ஆங்கிலத்தில், "யாரும் குடிப்பதில்லை. வீட்டில் கடவுள் இருக்கிறார்" என்றாள். "எந்த அறையில்?" என்று அவள் எழுதுவதற்காகக் கேட்டதும், "சமையலறை அலுமாரியில்" என்று அக்கா மிகுந்த மரியாதையோடு சொன்னாள். வேறொரு நாளாக இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன். நான் முழுவதையும் மறுபடி சொன்னேன், திங்கட்கிழமை ஓம் சொன்னதையும் சேர்த்து. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கோப்பை மூடும்போது, தொடர்புகொள்வோம் என்றாள்.

அத்தான் புக்கெகோஹியில் இருந்து மண் படிந்த சப்பாத்தோடு வந்தார். விடியும்வரை மாறி மாறி இருந்தோம். காலை ஆறரைக்கு என் மடியில் விழித்த குழந்தை, என்னைப் பார்த்து, என் மூக்குக்கண்ணாடியை இழுத்தான். வழக்கமாக நான் திட்டுவேன். அன்று, இழு என்று தலையைக் குனிந்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதல் வேலையாக பிரிட்ஜ் கதவில் இருந்த மற்ற இரண்டு போத்தல்களின் டேப்பையும் உரித்தாள். பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், எல்லாவற்றிலும் உரித்தாள். "எனக்கு மிளகாய்த்தூளை மிளகாய்த்தூளெண்டு தெரியும்" என்றாள். யப்பானியப் பெண்ணை வெளியே போகச் சொன்னதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. வெள்ளி மாலை அவளுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள். அதுதான் பதில்.

சனிக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். குள்ளமான மனிதர், நல்ல சூட் அணிந்து, விரல் நகங்களில் மட்டும் கறுப்பு. மகள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றியவர் உட்காரவில்லை. குழந்தையைப் பார்க்கவேண்டும் என்றார். அக்கா தூக்கிக்கொண்டு வந்தாள், சற்றுத் தள்ளியே நின்றாள். அவர் தரையில் முழங்காலிட்டு நெற்றியை விரிப்பில் வைத்தார். அக்கா பதறி, "ஐயோ, எழும்பச் சொல்லு, எழும்பச் சொல்லு, வயசான மனிசன்" என்று என்னைத் தள்ளினாள்.

அந்தப் போத்தல் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களோடு திரும்பி வந்திருந்தது. யாரும் தொடத் துணியாமல் மேசையில் நின்றது. அவர் அதைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் வைத்திருந்தார். தான் வடித்தது, மகள் தனக்காகக் கலந்தது. பிறகு பின்வளவுக்குப் போய் எலுமிச்சை மரத்தடியில் முழுவதையும் ஊற்றினார். உதட்டில் ஒரு சொட்டும் வைக்கவில்லை.

"மரத்துக்கு வெறிக்கப் போகுது" என்றாள் அக்கா, யன்னலில் நின்று. இரண்டு நாளில் அவள் வாயில் இருந்து வந்த முதல் பகிடி. மொழிபெயர்த்துச் சொன்னபோது மகள்தான் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். அவளை அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த வருட முடிவுவரை எங்களோடு இருந்தாள்.

எனக்குப் பயம் அத்தோடு போகவில்லை. வாசல் மணி அடித்தால், கார் ஒன்று வீட்டு முன் வேகம் குறைத்தால், தபால் பெட்டியில் நீள உறை கிடந்தால், என் கை முதலில் குழந்தையைத்தான் தேடும். ஒரு மாதத்தின்பின் அந்தச் சமூக சேவகி தொலைபேசியில் அழைத்தாள். மசித்த உணவு சாப்பிடுகிறானா என்று கேட்டாள். சாப்பிடுகிறான் என்றேன். நல்லது என்றாள். அவ்வளவுதான். தொலைபேசியை வைத்தேன். சுவரோடு சரிந்து கூடத்துத் தரையில் இருந்தேன். வதிவிட அனுமதி அடுத்த மார்கழியில் வந்தது. அந்த உறையை அக்கா என்னைத்தான் திறக்கச் சொன்னாள்.

இப்போது அவனுக்கு நாலு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். தண்ணீரை நாங்கள் போத்தலில் வைப்பதில்லை. ஆனாலும் எங்கே யார் ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தாலும் நான் முதலில் மூக்கருகே கொண்டுபோகிறேன். தடிமன் பிடித்த நாட்களில் அவனுக்கு எதையும் கலக்கிக் கொடுக்க மாட்டேன், அக்கா வரும்வரை காத்திருப்பேன்.

போன கிழமை பாலர் பாடசாலையில் அவனுடைய ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டாள். கவலைப்பட ஒன்றுமில்லை, கேட்கலாம் என்று நினைத்தேன் என்றாள். பிள்ளைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து தண்ணீர் குடிக்கும்போது இவன் மட்டும் கோப்பையைத் தூக்கி, இரண்டு தடவை முகர்ந்து, சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் குடிக்கிறானாம். ஏன் என்று கேட்டால், தண்ணீர் அப்படித்தான் குடிப்பது என்கிறானாம்.

என்ன காரணம் என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் அவன் பையை மாட்டிக்கொண்டு காத்து நின்றான். நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.